ஒளி கூடினால் ஏடிபி வந்துவிட்டதா?

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம் கூரியரில் ஒரு உறை வந்தது. உள்ளே மூன்று சின்ன பிளாஸ்டிக் டியூப். ஒன்றின் அடியில் மட்டும் மஞ்சள் தடவிய மாதிரி ஒரு கறை. மற்ற இரண்டும் காலியாகத்தான் தெரிந்தன. காசு கொடுத்துக் காலி டியூப் வாங்கியிருக்கிறோமே என்று நினைத்தபடி மூடியில் கை வைத்தேன். "சுத்தாம திறக்காதே" என்று பின்னாலிருந்து சீனியர் அக்காவின் குரல். உலர்த்தி அனுப்பும் டிஎன்ஏ வரும் வழியில் குலுங்கி மூடியிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும். திறந்த வேகத்தில் பறந்துபோனால் போனதுதான், போனதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. சென்ட்ரிஃபியூஜில் ஒரு நிமிடம் சுற்றி அடிக்கு இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அந்த மஞ்சள் கறைதான் நிறமி கோத்த இழை. மூன்றிலும் விலை கூடியது அதுதான். நான் முதலில் கை வைத்ததும் அதில்தான்.

அந்த மூன்று இழைகளை வைத்து ஏடிபியைப் பிடிப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஏடிபி (ATP) என்பது உயிரணுக்கள் செலவுக்கு வைத்திருக்கும் சில்லறைக் காசு. புரதத்தோடு ஒப்பிட்டால் மிகச் சின்ன மூலக்கூறு. ஒரு பொருளைப் பிடித்துக்காட்ட வழக்கமாகப் பயன்படும் ஆன்டிபாடியைச் சின்ன மூலக்கூறுக்குத் தயாரிப்பது பெரும் தொல்லை. அதற்கு மாற்றாக வந்தவைதான் ஆப்டமர்கள், அதாவது ஒரு குறிப்பிட்ட பொருளைப் பார்த்தால் அதைச் சுற்றி மடிந்துகொள்ளும் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இழைகள். கோடிக்கணக்கான தாறுமாறான இழைகளிலிருந்து அப்படிப்பட்டவற்றைச் சலித்தெடுக்கும் முறை 1990-ல் வந்தது. 1995-ல் ஹூய்சங்காவும் சோஸ்டாக்கும் ஏடிபிக்கு ஒரு டிஎன்ஏ ஆப்டமரைக் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி எழுத்துகளில் மொத்தம் 27 எழுத்து நீளம்தான். இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர்கள் எல்லோரும் முதலில் கை பழகுவது பெரும்பாலும் அதில்தான்.

ஆனால் ஆப்டமர் ஏடிபியைப் பிடித்துக்கொண்டால் நமக்கு எப்படித் தெரியும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நுட்டியுவும் யிங்ஃபு லீயும் 2003-ல் சொன்ன வழியைத்தான் நாங்கள் பின்பற்றினோம். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். ஆப்டமரின் ஒரு பகுதியில், அதோடு ஜோடி சேரும் ஒரு குட்டி இழையை முன்கூட்டியே ஒட்டவைத்துவிடுவது, அதுதான் துண்டு. அதன் நுனியில் குவென்ச்சர் என்ற, ஒளியை விழுங்கும் மூலக்கூறு இருக்கும். பக்கத்திலேயே இன்னொரு இழையின் நுனியில் ஃப்ளோரசீன் நிறமி. இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறவரை வெளிச்சம் அமுங்கிக் கிடக்கும். ஏடிபி வந்தால் ஆப்டமர் அதைச் சுற்றி மடியும், துண்டு நழுவி விழும், குவென்ச்சர் விலகும், பச்சை வெளிச்சம் ஏறும். நீல ஒளியைக் கொடுத்து 520 நானோமீட்டரில் அளந்தால் போதும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. முதல் வாரமே வெளிச்சம் ஏறியது. என் ஆய்வு வழிகாட்டி மேடத்திடம் கிராஃபைக் கொண்டு ஓடினேன். ஏடிபியின் செறிவு 2 மில்லிமோலார் வரை கோடு நன்றாக ஏறியது. 3-ல் தயங்கியது. 5-ல் தொபுக்கென்று விழுந்தது. "ஆப்டமர் நிறைஞ்சுபோச்சு போலிருக்கு மேடம்" என்றேன். நிறைந்தால் கோடு படுக்குமே தவிர விழாது. அவர் கிராஃபைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஏடிபி கரைசலோட பிஎச் பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. கடையில் வருகிற ஏடிபி சோடியம் உப்பைத் தண்ணீரில் கரைத்தால் எலுமிச்சைச் சாறுபோல நல்ல அமிலமாக இருக்கும். எங்கள் பஃபரில், அதாவது பிஎச் மாறாமல் தாங்கும் கரைசலில், அந்தத் தாங்கலைத் தரும் டிரிஸ் வெறும் 10 மில்லிமோலார். இரண்டு மில்லிமோலார் ஏடிபி வரை அது தாங்கியது, அதற்கு மேல் கையை விரித்துவிட்டது. கரைசல்களை ஊற்றி அளக்கும் பிளேட்டின் கடைசிக் குழியில் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தபோது ஆறுக்கும் கீழே காட்டியது. ஃப்ளோரசீனோ பிஎச் இறங்கினால் மங்கிவிடும் நிறமி. அதன் பாதி வெளிச்சம் போகும் புள்ளியே 6.4 பக்கத்தில்தான் இருக்கிறது. ஏடிபி வந்ததைச் சொல்ல வேண்டிய விளக்கை ஏடிபியே ஊதி அணைத்திருக்கிறது. அன்றிலிருந்து ஏடிபி ஸ்டாக்கை சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7-க்குக் கொண்டுவந்த பிறகுதான் ஃப்ரீசரில் வைப்பது.

கூடவே ஒரு பழக்கத்தையும் பிடித்துக்கொண்டேன். எடை போட்டு "50 மில்லிமோலார்" என்று எழுதியதை நம்புவதில்லை. ஏடிபி பொடி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆயிரம் மடங்கு நீர்த்து 259 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்தால், உண்மையிலேயே 50 மில்லிமோலார் என்றால் 0.77 வர வேண்டும். எனக்கு 0.68 வந்தது, அதாவது கையில் இருந்தது 44 மில்லிமோலார்தான். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் ஒரு மாதத்து எண்கள் எல்லாம் பன்னிரண்டு சதவீதம் பொய்யாகப் போயிருக்கும்.

பிஎச் சரியானதும் கோடு ஒழுங்காக ஏறிப் படுத்தது. சரி, இப்போது கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை. ஏடிபிக்குப் பதில், அதே மாதிரி மூன்று பாஸ்பேட் வால் கொண்ட ஆனால் வேறு மூலக்கூறான ஜிடிபி (GTP) போட்டால் ஒன்றும் நடக்கக் கூடாது. 1 மில்லிமோலார் வரை ஒன்றும் நடக்கவில்லை. 5-ல் மெல்ல ஏறியது. இந்த முறை குற்றவாளி மக்னீசியம். ஏடிபி, ஜிடிபி இரண்டுமே பாஸ்பேட் வாலால் மக்னீசியத்தைக் கவ்விக்கொள்ளும். எங்கள் பஃபரில் இருந்ததே 5 மில்லிமோலார் மக்னீசியம்; 5 மில்லிமோலார் ஜிடிபியைக் கொட்டினால் டிஎன்ஏ இழைகளைச் சேர்த்துப் பிடிக்க என்ன மிஞ்சும்? துண்டு தானாகவே நழுவ ஆரம்பித்துவிடும். இப்போதெல்லாம் எவ்வளவு ஏடிபியோ அவ்வளவு மக்னீசியம் குளோரைடையும் கூடவே சேர்த்துவிடுகிறேன். ஜிடிபி கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. ஏடிபி கோட்டின் உச்சியும் கொஞ்சம் இறங்கியது. மனசு கேட்கவில்லை, ஆனால் இறங்கிய அந்தப் பங்கு ஏடிபியால் வந்ததே இல்லை.

அப்புறம் ஏசி. எங்கள் ஆய்வகத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மெயின் ஏசியை நிறுத்திவிடுவார்கள். ஏப்ரல் மாதம். நான் பகலில் பிப்பெட் பிடித்து, சாயங்காலம், குழிகளின் வெளிச்சத்தை அளக்கும் பிளேட் ரீடர் காலியான பிறகு ரீடிங் எடுக்கிற ஆள். ஒரு வாரம் முழுக்க, எதுவும் சேர்க்காத குழியிலேயே வெளிச்சம் கூடிக்கொண்டு போனது. புரோப், அதாவது மூன்று இழைகளும் சேர்ந்த அமைப்பு, கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புது ஆர்டருக்கு மேடத்திடம் கையெழுத்துகூட வாங்கிவிட்டேன். ஆய்வக உதவியாளர் அண்ணாதான் போகிறபோக்கில், "ஆறு மணிக்கு மேல இங்க உக்கார முடியுதாம்மா, முப்பத்தி ரெண்டு டிகிரி இருக்கும்" என்றார். அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு எழுத்து இழை என்பது பிடித்தும் பிடிக்காமலும் உட்கார்ந்திருக்கிற துண்டு. அப்படி இருந்தால்தான் ஏடிபியால் அதைத் தள்ள முடியும். அதே காரணத்தால் ஏழெட்டு டிகிரி சூடு கூடினாலே அதுவும் ஆட்டம் காணும். மறுநாள் பிளேட் ரீடரின் சூட்டை 25-ல் நிறுத்தப் பார்த்தேன். பெரும்பாலான ரீடர்களில் சூடேற்றும் வசதி உண்டு, குளிரவைக்கும் வசதி இருக்காது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். வெளியே 32 இருக்கும்போது உள்ளே 25 கிடைக்காது. காலை ஏழு மணிக்கு வர ஆரம்பித்தேன்.

சின்னச் சின்ன விஷயங்கள் வேறு. நேரம் கருதி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மாதிரித் தெளிவான பிளேட் ஒளிர்வுக்கு ஆகாது, பக்கத்துக் குழியின் வெளிச்சம் இதில் கசியும். கறுப்பு பிளேட் வாங்குங்கள். குழியில் ஒரு குமிழி இருந்தாலே எண் குதிக்கும், சுத்தமான ஊசி நுனியால் குத்தி உடைத்துவிட்டு அளக்கவும். நிறமி இழையை அலுமினியம் ஃபாயிலில் சுற்றி வையுங்கள், டியூப்லைட் வெளிச்சமே மெல்ல மெல்ல அதை வெளுக்கும். நானோமோலார் அளவுக்கு நீர்த்த புரோபை ராத்திரி முழுக்கச் சாதாரண டியூபில் விட்டுவைக்காதீர்கள். டிஎன்ஏ சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, காலையில் பாதிதான் மிச்சம் இருக்கும். கெட்டியான ஸ்டாக்கை சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவைத்து, அன்றன்றைக்கு நீர்ப்பதுதான் நல்லது. பஃபரில் 0.01 சதவீதம் ட்வீன்-20 என்ற சோப்பு மாதிரியான பொருளைச் சேர்த்தால் இந்த ஒட்டல் நன்றாகக் குறையும். இழைகளைக் கலந்ததும் 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும், ஐஸில் போட்டுவிடக் கூடாது. குவென்ச்சர் இழையை இரண்டு மடங்கு போடுங்கள். துணை கிடைக்காத நிறமி இழை ஒன்றிரண்டு இருந்தாலும் அடிவெளிச்சம் ஏறிவிடும்.

நிதானமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கட்டுரைகளில் இந்த ஆப்டமர் ஏடிபியைப் பிடிக்கும் வலிமை ஏறக்குறைய 6 மைக்ரோமோலார் என்று இருக்கும், அதாவது அந்தச் செறிவில் பாதி இருக்கைகள் நிறைந்துவிடும். எனக்குப் பாதி வெளிச்சம் வந்ததோ நூற்றுக்கணக்கான மைக்ரோமோலாரில். எங்கே தப்பு செய்தேன் என்று தேடித் தேடி மூன்று மாதம் போயிற்று. தப்பே இல்லை. அந்த 6 என்பது காலி இருக்கையில் ஏடிபி உட்காருவதற்கான கணக்கு. என்னுடைய அமைப்பில் அது முதலில் துண்டை இழுத்துப் போட்டாக வேண்டும். அந்தச் சண்டைக்கான செலவு எண்ணில் ஏறிவிடுகிறது. துண்டை ஓர் எழுத்து குறைத்தால் ஏடிபி சுலபமாக உட்காரும், ஆனால் ஏடிபி இல்லாமலே வெளிச்சமும் கசியும். ஓர் எழுத்து கூட்டினால் இருட்டு நல்ல இருட்டாக இருக்கும், ஆனால் ஏடிபிக்கு மூச்சு வாங்கும், வெளிச்சம் நிலைக்க ஒரு மணி நேரம் கூட ஆகும். நான் 10, 11, 12, 13 எழுத்தில் நான்கு குவென்ச்சர் இழைகள் வாங்கி நான்கையும் ஒரே நாளில் ஓட்டினேன். நிறமி இழை எல்லாவற்றுக்கும் பொது என்பதால் செலவு அவ்வளவாகக் கூடவில்லை. எங்களுக்குச் சரிப்பட்டது 12. முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்த மூன்று மாதம் எனக்கு மிச்சம்.

அடுத்தது சடங்காகச் செய்து, பிறகு தெய்வமாக நினைத்த ஒரு கண்ட்ரோல். ஆப்டமரில் ஏடிபி உட்காரும் இடத்தில் இரண்டு எழுத்தை மட்டும் மாற்றிய போலி இழை. அதன் நீளமும் நிறமியும் குவென்ச்சரும் எல்லாம் அதேதான். ஏடிபியைப் பிடிக்க மட்டும் தெரியாது. போலியிலும் வெளிச்சம் ஏறினால், ஏற்றியது ஏடிபி இல்லை. இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆர்சனிக் கதை போதும். ஆர்சனிக்கைப் பிடிக்கும் என்று ஓர் ஆப்டமர் 2009-ல் வந்தது. அதை வைத்துப் பல குழுக்கள் உணரிகள் செய்து கட்டுரைகள் எழுதின. பத்து வருடம் கழித்து, 2019-ல், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜுவென் லியுவின் குழு அதைத் திரும்ப எடுத்துச் சோதித்து, அந்த இழை ஆர்சனிக்கைப் பிடிப்பதே இல்லை என்று எழுதியது. பலர் பயன்படுத்திய தங்க நுண்துகள்களில் ஆர்சனிக் நேராகப் போய் ஒட்டுவதால் நிறம் மாறியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்தப் போலி இழை என்னைக் காப்பாற்றியது ஈஸ்டில். பஃபரில் எல்லாம் ஒழுங்காக வந்ததும் நிஜ மாதிரி ஒன்றில் ஏடிபியை அளந்து காட்ட வேண்டியிருந்தது. பேக்கரிக்குப் போடும் உலர் ஈஸ்ட் பாக்கெட் வாங்கிவந்து, கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்து, சாற்றை எடுத்துப் போட்டேன். வெளிச்சம் ஏறியது. பத்து நிமிடத்தில் ஏறியது, அரை மணியில் இன்னும் ஏறியது, ஒரு மணியில் பிளேட் ரீடரின் உச்ச அளவையே தொட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வரிசையில் போலி இழையைப் பார்த்தேன். அதுவும் உச்சத்தில்.

ஈஸ்ட் சாற்றில் டிஎன்ஏவை வெட்டும் என்சைம்கள் இருக்கின்றன. அவை புரோபையே துண்டு துண்டாக நறுக்கினால் நிறமியும் குவென்ச்சரும் பிரிந்து வெளிச்சம் ஏறத்தானே செய்யும். நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் வெளிச்சத்தைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஏடிபி வந்து உட்கார்ந்தால் கோடு ஓரிடத்தில் நின்றுவிடும். இந்த என்சைம்களுக்கு மக்னீசியம் வேண்டும், ஈடிடிஏ போட்டு அதைப் பறித்துவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். ஆனால் என் இழைகளுக்கும் அதே மக்னீசியம் வேண்டுமே. கடைசியில் ஈஸ்டைக் கொதிக்கும் பஃபரில் பத்து நிமிடம் போட்டு, சுற்றித் தெளிந்த நீரை எடுத்தேன். என்சைம்கள் செத்தன, ஏடிபி தப்பித்தது.

அப்படியும் போலியில் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியது. புரோபே போடாத குழியிலும் அதே அளவு. கொதித்த ஈஸ்ட் நீரைக் கையில் எடுத்துப் பார்த்தால் லேசான மஞ்சள். ரைபோஃபிளேவின்! வைட்டமின் பி2. ஈஸ்டில் அது நிறைய உண்டு; நீல ஒளியில் அதுவும் 525 நானோமீட்டர் பக்கத்தில் பச்சையாக ஒளிரும், அப்படியே என் நிறமியின் சாயல். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள், அதே ஆள்தான். எந்த மாதிரியாக இருந்தாலும் புரோப் இல்லாத ஒரு குழி வைத்து அதைக் கழித்துவிடுங்கள். பிறகு, தெரிந்த அளவு ஏடிபியை மாதிரியிலேயே சேர்த்து அதற்கேற்ப வெளிச்சம் ஏறுகிறதா என்றும் பார்த்தேன். ஏறியது.

இனி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது மேடம் இன்னொன்று கேட்டார். "அது ஏடிபிதான்னு எப்படிச் சொல்லுவே?" எனக்குப் பதில் தயாராக இருந்தது. அபைரேஸ் என்சைம் ஏடிபியை உடைக்கும். அதைப் போட்டு வெளிச்சம் இறங்குவதைக் காட்டிவிடலாம். போட்டேன். வெளிச்சம் இம்மியும் இறங்கவில்லை.

முழு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு 1995 கட்டுரையைத் திரும்ப எடுத்தேன். அதிலேயே பதில் இருந்தது, நான்தான் முதல் தடவை தாண்டிப் போயிருக்கிறேன். இந்த ஆப்டமர் பிடிப்பது அடினைனையும் அதை ஒட்டிய சர்க்கரையையும்தான். பாஸ்பேட் வால் மூன்றா ஒன்றா, வாலே இல்லையா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. அபைரேஸ் ஏடிபியை வெட்டி வெட்டி, ஒரே ஒரு பாஸ்பேட் மிஞ்சும் ஏஎம்பியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆப்டமருக்கு ஏஎம்பியும் ஏடிபியும் ஒன்றுதான். 259-ல் ஒளியை உறிஞ்சுவதும் அந்த அடினைன்தான், வால் இல்லை. அதனால் நான் சரிபார்த்த ஸ்டாக் பழசாகி ஏஎம்பியாக மாறியிருந்தாலும் அந்த 0.68 அப்படியேதான் காட்டியிருக்கும்.

வெளிச்சத்தை இறக்க இரண்டு படி வேண்டியிருந்தது. முதலில் பாஸ்பேட்டேஸ் போட்டு வாலை முழுக்க வெட்டி அடினோசினாக்குவது, பிறகு அடினோசின் டிஅமினேஸ் போட்டு அதை இனோசினாக்குவது. இனோசினை இந்த ஆப்டமர் திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டையும் முடித்து, என்சைம்களைச் சூடாக்கிக் கொன்றுவிட்டு அளந்தேன். வெளிச்சம் அடிமட்டத்துக்கு வந்தது. பிறகு அதே ஈஸ்ட் நீரை, ஏடிபியை மட்டும் அடையாளம் காணும் மின்மினிப் பூச்சியின் லூசிஃபரேஸ் கிட்டில் போட்டுப் பார்த்தேன். வந்த எண் என் புரோப் சொன்னதில் பாதிக்கும் குறைவு. மீதி எல்லாம் ஏடிபியாக இருந்து உடைந்ததும், ஏஎம்பி, அடினோசின் மாதிரி அந்தக் குடும்பத்து உறவுக்காரர்களும்.

ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்துக்கு "ஈஸ்டில் ஏடிபியின் அளவு" என்றுதான் தலைப்பு வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தலைப்பிலும் எட்டு படங்களின் அச்சுப் பெயர்களிலும் ஏடிபியை அடித்துவிட்டு "மொத்த அடினோசின் வகைகள்" என்று மாற்றினேன். ஐந்தாவது படத்தில் மறந்துவிட்டேன். வைவாவில் வெளித்தேர்வாளர் முதல் கேள்வியே அந்தப் படத்தில்தான் ஆரம்பித்தார்.